எட்டு விநாடிப் பெண்

2024 பிப்ரவரி 15 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘சோரா’ என்றொரு கருவியை அறிவித்தது. நாம் எழுதிக் கொடுப்பதைக் காணொளியாக்கித் தரும் கருவி. அன்று அவர்கள் வெளியிட்ட மாதிரிகளில் உலகம் முழுக்கச் சுற்றியது, டோக்கியோ தெருவில் இரவில் ஒரு பெண் நடந்து வரும் காட்சி. மழை பெய்து ஓய்ந்த தரையில் விளம்பர விளக்குகளின் நிறங்கள் மிதக்கின்றன. கறுப்புத் தோல் மேற்சட்டை, நீண்ட சிவப்பு உடை, கைப்பை, கறுப்புக் கண்ணாடி, சிவந்த உதடு. ஒரு நிமிடம் நடக்கிறாள். அப்படி ஒரு பெண் எங்கும் பிறக்கவில்லை. அவளுக்கு முந்தி இருந்தது சில வரிகள் மட்டும்.

ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு பெண் விடைபெற்றாள். ஐஇஇஇ கணினிச் சங்கம், 2024 ஏப்ரல் 1 முதல் ‘லெனா’ படம் இடம்பெறும் ஆய்வுக் கட்டுரைகளை ஏற்பதில்லை என்று அறிவித்தது. கணினிப் படவியல் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்த முகம் தெரியும். 1972 நவம்பர் மாத ‘பிளேபாய்’ இதழின் நடுப்பக்கத்தில் வந்த சுவீடன் நாட்டு மாடல் அவர். 1973 கோடையில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் ஒரு கட்டுரைக்கு நல்ல படம் தேவைப்பட்டது. யாரோ கையில் அந்த இதழ் இருந்தது. தோளுக்கு மேலே வெட்டியெடுத்து 512க்கு 512 புள்ளிகளாக மாற்றினார்கள். அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள், படத்தைச் சுருக்கவும் கூர்மையாக்கவும் இரைச்சலை நீக்கவும் கண்டுபிடிக்கப்பட்ட ஏராளமான முறைகள் அவர் முகத்தின் மேல்தான் சோதிக்கப்பட்டன. ஆய்வகத்தில் ஒரு பூச்சாடியோ மேசையோ கிடைக்காமலா போயிருக்கும்?

லெனா போய், டோக்கியோப் பெண் வந்தாள். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல். ஆனால் படம் காட்டும் ஒவ்வொரு புதிய தொழில்நுட்பமும் தன் திறமையைப் பெண் உடலை வைத்தே நிரூபித்துக்கொள்வதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. படச்சுருள் காலத்தில் ‘சைனா கேர்ள்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. சுருளின் தொடக்கத்தில், பார்வையாளர் கண்ணில் படாத சில சட்டகங்களில் ஒரு பெண்ணின் முகம் வண்ணப் பட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும். தோல் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. பெரும்பாலும் அந்த ஆய்வகத்திலேயே வேலை பார்த்த பெண்கள். படத்தில் அவர்கள் பெயர் வராது. கோடாக் நிறுவனத்தின் ‘ஷெர்லி அட்டை’ இதன் உறவுக்காரி. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோலைச் சரியான தோல் என்று வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் படங்கள் அச்சிடப்பட்டன. கறுப்புக் குழந்தைகளின் முகம் நிழலாக விழுவதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாக்லேட் விற்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் ‘எங்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை’ என்று முறையிட்டதும் அந்த நிறுவனம் அசைந்தது என்று லோர்னா ராத் என்ற கனடிய ஆய்வாளர் எழுதியிருக்கிறார். சாக்லேட்டுக்குக் கிடைத்த நீதி!

தமிழ் படித்தவளுக்கு டோக்கியோப் பெண்ணை வரவழைத்த அந்த வரிகள் புதிதாகத் தோன்றாது. கேசாதிபாதம் என்று அதற்கு நம்மிடம் பெயரே உண்டு. தலைமுடியில் தொடங்கிப் பாதம்வரை ஓர் உடலைச் சொல்லிக்கொண்டு போவது. தெய்வமானால் பாதத்தில் தொடங்கிக் கேசத்தில் முடிக்க வேண்டும், மானிடரானால் கேசத்தில் தொடங்க வேண்டும் என்று மரபு. பொருநராற்றுப்படையில் பாடினியின் உடல் இப்படித்தான் முடியிலிருந்து அடிவரை வரிசையாக வருகிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் உவமை. வகுப்பில் அந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்வது ஒன்று உண்டு. அவள் ஊர் ஊராக நடந்து, பாடிப் பிழைக்கும் கலைஞர் கூட்டத்தைச் சேர்ந்தவள். அவள் கண் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். பாதம் எப்படி இருந்தது என்றும் தெரியும். அவள் பெயர் தெரியாது.

இன்று இந்த விவரிப்புக்குப் ‘பிராம்ப்ட்’ என்று பெயர். புலவர் எழுதினால் கேட்பவர் மனதில் உருவம் எழும், ஒவ்வொருவர் மனதிலும் வேறுவேறாக. பிராம்ப்ட் எழுதினால் எல்லோருக்கும் ஒரே உருவம் திரையில் எழுகிறது. அந்த ஒரே உருவம் யாருடையது என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது. அதற்கு, கருவிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தொழில்நுட்பம் நமக்கெதற்கு என்று தோழிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தையல் மெஷினைப் புரிந்துகொண்டவர்களுக்கு இதுவும் புரியும்.

பழைய டிவியில் அலைவரிசை கிடைக்காதபோது திரை முழுக்கப் புள்ளிகள் கொதிக்குமே, கருவி தொடங்குவது அப்படியொரு புள்ளிக் கலவையில். பயிற்சியின்போது அதற்குக் கோடிக்கணக்கான படங்களைக் காட்டி, ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளைத் தூவிச் சிதைத்து, சிதைவை நீக்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதனால் வெறும் புள்ளிக் கலவையைக் கொடுத்தாலும் உள்ளே ஏதோ படம் இருப்பதாக நம்பிப் படிப்படியாகத் துடைத்துக்கொண்டே போகும். எந்தப் படத்தை நோக்கித் துடைப்பது என்பதை நாம் எழுதும் வரி வழிநடத்துகிறது. காணொளி என்றால் பல சட்டகங்களைச் சேர்த்தே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நொடியில் தாவணி கட்டியவள் மூன்றாம் நொடியில் சேலை கட்டியிருப்பாள். 2023 வரை அப்படித்தான் இருந்தது. முகம் உருகும், கை கரையும். 2025 மே மாதம் கூகுள் வெளியிட்ட ‘வியோ 3’ எட்டு விநாடிக் காட்சியைப் பேச்சும் ஓசையுமாகவே தந்தது.

சொல்லுக்கும் படத்துக்குமான உறவைக் கருவி எங்கே கற்றது? இணையத்தில் ஒரு படத்தின் பின்னால் அதை விவரிக்கும் சிறு குறிப்பு எழுதி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. பார்வையற்றவர்களுக்குத் திரை வாசிப்பான் அதைப் படித்துக் காட்டும். நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடு. அந்தக் குறிப்புகளையும் படங்களையும் சோடி சோடியாக அள்ளித்தான் 2022இல் ‘லயான் 5பி’ என்ற தொகுப்பு உருவானது. 585 கோடி சோடிகள். பார்வையற்ற ஒருவருக்காக அக்கறையுடன் எழுதிய குறிப்பும், ஆபாசத் தளக்காரன் ஆள் பிடிக்க எழுதிய குறிப்பும் அதில் ஒரே எடை பெற்றன. அதற்கு முந்தைய 40 கோடித் தொகுப்பை 2021இல் அபேபா பிர்ஹானே என்ற எத்தியோப்பியப் பெண் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் திறந்து பார்த்தார்கள். ‘தேசி’ என்ற சொல்லைக் கொடுத்ததும் கொட்டியது ஆபாசம். நாட்டு நெய்யையும் நாட்டுக்கோழியையும் நாம் குறிக்கும் சொல் அது. நம்மைக் குறிக்கும் சொல்லும் அதுதான். 2023 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அந்தப் பெரிய தொகுப்புக்குள் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள் இருப்பதைக் கண்டறிந்த பிறகு அது பொதுவெளியிலிருந்து இறக்கப்பட்டது. அதற்குள் அதிலிருந்து கற்ற கருவிகள் வீட்டுக்கு வீடு போய்விட்டன.

அசையும் படத்துக்கு வேறொரு தொகுப்பு. ‘வெப்விட்’ என்று பெயர். ஒரு கோடிக்கும் மேலான சிறு காணொளிகள், அவற்றைப் பற்றிய வரிகளோடு. விளம்பரக்காரர்களுக்குக் காட்சி விற்கும் ஷட்டர்ஸ்டாக் தளத்தின் காணொளிகள் அவை. 2023இல் வந்த இலவசக் கருவி ஒன்று, என்ன கேட்டாலும் காட்சியின் குறுக்கே அந்த நிறுவனத்தின் முத்திரையையும் சேர்த்தே வரைந்தது. முத்திரையும் உலகத்தின் இயற்கை, மேகம் மரம்போல என்று நினைத்துவிட்டது பாவம். முத்திரையை நினைவில் வைத்த கருவி, விற்பனைக்காரரின் பார்வையையும் நினைவில் வைக்காதா? கோப்பையோடு சிரிக்கும் பெண், மடிக்கணினியோடு சிரிக்கும் பெண், காய்கறி நறுக்கியபடி சிரிக்கும் பெண். விற்பனைக் காட்சிகளில் பெண்கள் சும்மா இருப்பதில்லை, சிரித்துக்கொண்டே இருப்பார்கள். பெரிய நிறுவனங்கள் எதை வைத்துப் பயிற்சி கொடுத்தன என்று முழுதாகச் சொல்வதில்லை. 2024 மார்ச்சில் ஒரு பேட்டியில் யூடியூப் காணொளிகளைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்டபோது, ஓப்பன்ஏஐயின் தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பில் இருந்த மீரா முராட்டி தனக்கு அது உறுதியாகத் தெரியவில்லை என்றார்.

இன்னொரு செய்தியும் முக்கியம். சோரா அறிவிப்போடு வந்த தொழில்நுட்பக் குறிப்பிலேயே இருக்கிறது. நாம் சுருக்கமாக எழுதும் பிராம்ப்ட்டை இன்னொரு மொழிக்கருவி விரிவாக எழுதிக்கொள்கிறது. அதன் பிறகுதான் காணொளி. அதாவது நான் ‘ஒரு பெண் நடக்கிறாள்’ என்று எழுதினால், என் கண்ணுக்குத் தெரியாமல் யாரோ அவளுக்குக் கேசாதிபாதம் பாடிவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னது பார்க்கப்பட்ட பெண்களின் கதை. படம் செய்த பெண்களின் கதை வேறொரு பக்கம் ஓடுகிறது. எட்டு விநாடிக் காணொளியைப் புதுமை என்று கொண்டாடுபவர்களும் வெறுப்பவர்களும் சேர்ந்தே அதை மறந்துவிடுகிறார்கள்.

1896இல் பாரிஸில் கோமோன் நிறுவனத்தில் காரியதரிசியாக இருந்த ஆலிஸ் கீ, அசையும் படத்தில் கதை சொல்லிப் பார்க்கலாமே என்று முதலாளியிடம் கேட்டார். அலுவலக வேலை கெடக் கூடாது என்ற நிபந்தனையில் அனுமதி கிடைத்தது. முட்டைக்கோசுகளுக்கு இடையிலிருந்து குழந்தைகளை எடுக்கும் தேவதையின் கதை, ஒரு நிமிடப் படம். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் அவற்றில் பலவற்றை அவருடன் வேலை பார்த்த ஆண்களின் கணக்கில் எழுதி வைத்தார்கள். அதே பாரிஸில் எலிசபெத் துயிலியேயின் பட்டறையில் சுமார் 200 பெண்கள் படச்சுருளின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். ஒருத்திக்கு ஒரு நிறம். சிவப்புக்காரி முடித்ததும் மஞ்சள்காரி. கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சட்டகத்தில், ஒரு நொடிப் படத்துக்குப் பத்துப் பதினைந்து முறைக்கு மேல். மெலியேயின் மாயப் படங்களைப் பற்றி வியந்து எழுதியவர்களின் கண்ணில் அந்தக் கைகள் படவில்லை.

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் கறுப்புத் தாளைக் கத்தரித்து, மூட்டு மூட்டாகக் கோர்த்து, அசைத்து அசைத்துப் படமெடுத்து, 1926இல் ஒரு முழுநீள அசைபடத்தையே முடித்தார். இளவரசன் அக்மதின் கதை. இன்று கிடைக்கும் முழுநீள அசைபடங்களில் பழமையானது அதுதான். டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வந்தது 1937இல். அடுத்த ஆண்டு, தன்னை ஓவியராகச் சேர்த்துக்கொள்ளக் கேட்ட ஓர் இளம்பெண்ணுக்கு டிஸ்னி நிறுவனம் அனுப்பிய பதில் இன்றும் கிடைக்கிறது. படைப்பு வேலை ஆண்களுடையது, பெண்களுக்கு உள்ளது மை தீட்டுவதும் வண்ணம் நிரப்புவதும் மட்டும் என்பது அதன் சாரம். பாரிஸ் பட்டறையிலிருந்து அதிக தூரம் போய்விடவில்லை.

இன்றைய பட்டறை எங்கே இருக்கிறது? படத்தில் உள்ளதைப் பெட்டியிட்டுப் பெயரிடும் வேலை இந்தியாவின் சிற்றூர்களில் நடக்கிறது, அதில் பெண்கள் நிறைய. அரண்ய சஹாய் இயக்கிய ‘ஹியூமன்ஸ் இன் தி லூப்’ என்ற 2024ஆம் ஆண்டுப் படத்தை என் மாணவிகளுக்குத் திரையிட்டேன். ஜார்க்கண்டின் ஓராவோன் பழங்குடிப் பெண் ஒருத்தி அப்படியொரு மையத்தில் வேலைக்குச் சேரும் கதை. பயிரைக் கெடுக்கும் பூச்சி என்று குறிக்கச் சொன்ன ஒரு புழுவை அவள் குறிக்க மறுக்கிறாள். அது கெட்ட பகுதியை மட்டுமே தின்னும் என்று அவளுக்குத் தெரியும். படம் முடிந்ததும் வகுப்பு நேரம் தாண்டிப் பேசினோம். தமிழ்த்துறைக்கு இதெல்லாம் எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் தொடர்ச்சியாக முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு ஒரு பணி கொடுத்தேன். வரலாற்றில் படம் கிடைக்காத ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவரைப் பற்றி எழுதி, அந்த எழுத்திலிருந்து ஒரு சிறு காணொளி செய்ய வேண்டும். கேமரா வாங்க வழியில்லாதவர்கள், விடுதியிலிருந்து ஆறு மணிக்கு மேல் வெளியே போக முடியாதவர்கள், முகம் காட்டிக் காணொளி போட்டால் படிப்பே நின்றுவிடும் என்ற வீட்டிலிருந்து வந்தவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். இரவுக் காட்சி வேண்டுமென்றால் ஆண் மாணவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்து வருவான். இவர்களுக்கு முதல்முறையாக இரவு கிடைத்தது. வீட்டு வேலை முடித்த பிறகு, தம்பியின் போனை வாங்கி, ஒரு நாளைக்கு இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மூன்று வாய்ப்புகளுக்குள் செய்தார்கள். ஆலிஸ் கீக்குக் கிடைத்த நிபந்தனையேதான். இந்தக் கருவியைப் பெண்ணியம் முழுதாகப் புறக்கணிக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு இவர்கள்தான் காரணம்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி பி.கே. ரோசியை எடுத்துக்கொண்டாள்.

ரோசியின் வரலாறு நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ படத்தின் நாயகி. புலையர் சமூகத்துப் பெண். புல்லறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். ஜே.சி. டேனியல் இயக்கிய அந்தப் படத்தில் அவருக்குச் சரோஜினி என்ற நாயர் பெண்ணின் வேடம். படம் வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் நடந்த முதல் காட்சிக்கு அவரையே உள்ளே விடவில்லை. நாயகன் அவர் கூந்தல் பூவை முத்தமிடும் காட்சியில் மேல்சாதிக் கூட்டம் கொந்தளித்தது, திரையில் கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டு ஓடினார். நாகர்கோவில் பக்கம் போன லாரி ஒன்றில் ஏறித் தப்பியதாகவும், லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து ராஜம்மாளாக வாழ்ந்ததாகவும் வரலாறு. (அப்போது நாகர்கோவிலும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆகவே அவர் ஓடியது அதே ராஜ்ஜியத்துக்குள்ளேயே.) மறுபடி நடிக்கவில்லை. படச்சுருள் அழிந்துவிட்டது. அவருடையது என்று சுற்றும் புகைப்படம் அவருடையதுதான் என்பதற்கு உறுதியில்லை. 2013இல் ‘செல்லுலாய்டு’ திரைப்படத்தில் வேறொரு பெண் அவராக நடித்தார். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவரை ஓவியமாக வரைந்தது.

என் மாணவி முதலில் எழுதியது நேரான வரி. 1920களில் திருவிதாங்கூரைச் சேர்ந்த, புல்லறுக்கும் இளம்பெண், முதன்முறையாக கேமரா முன் நிற்கிறாள். வந்தவள் கசவு வேட்டியும் மல்லிகையும் கழுத்து நிறைய நகையுமாக, சந்தன நிறத்தில் வந்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். கறுத்த நிறம் என்று சேர்த்து எழுதினால் ஒரு பிடி குறைந்தது, அவ்வளவுதான். நகையில்லை என்று எழுதினால் மூக்குத்தி மிஞ்சியது. சாதியைக் குறித்து எழுதியபோது கருவி விதிமுறையைக் காட்டி மறுத்தது.

“அம்மா, என்ன எழுதுனாலும் வெளுத்த பொண்ணாட்டுதான் வருது” என்று போனைக் கொண்டுவந்து காட்டினாள்.

பார்த்ததும் எனக்கு ரவிவர்மா நினைவு வந்தார். அவரும் திருவிதாங்கூர்க்காரர். 1873இல் அவருக்குப் பரிசும் பெயரும் வாங்கித் தந்த ஓவியம், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண். 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரசுவதியும் வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். அந்த முகம் காலண்டருக்கும், அங்கிருந்து நகைக்கடை விளம்பரத்துக்கும் போனது. பழைய கேரளத்துப் பெண் என்று யார் எங்கே குறிப்பு எழுதினாலும் அந்த முகத்தின் கீழேதான் எழுதுகிறார்கள். புல்லறுக்கும் பெண்ணைப் படமெடுத்து யார் குறிப்பு எழுதி வைத்தார்கள்? ஆக, தன்னிடம் இருப்பதைக் கருவி கொடுத்தது. ரோசியை நாயர் பெண்ணாகத் திரையில் காட்டியதற்காக அன்று கல்லெறிந்தார்கள். இன்று ரோசி என்று கேட்டாலே நாயர் பெண் வருகிறாள், கல் எறிய ஆளில்லை. 2023இல் புளூம்பெர்க் இதழாளர்கள் ஒரு படக்கருவியிடம் 5,000க்கும் மேற்பட்ட படங்களைக் கேட்டு வாங்கிச் சோதித்தபோதும் இதே கதைதான். நல்ல சம்பள வேலைகளுக்கு வெளிறிய தோல், குறைந்த கூலி வேலைகளுக்குக் கறுத்த தோல். நடிகை என்பதையும் புல்லறுப்பவள் என்பதையும் ஒரே உடலில் வைக்க அதற்குத் தெரியவில்லை.

அப்படியானால் ரோசிக்கு முகமே வைக்கக் கூடாதா? வகுப்பில் இது பெரிய விவாதமானது. கூடாது என்றார்கள் சிலர். இல்லாத ஒன்றை இருந்ததுபோலக் காட்டுவது, நாளைக்கு அதையே யாரோ ஆவணம் என்று பகிர்வார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “திருவள்ளுவருக்கு முகம் இருக்கு, ஔவைக்கு முகம் இருக்கு. யாரு பாத்தாங்க? இவங்களுக்கு வைக்கும்போது மட்டும் ஏன் ஆதாரம் கேக்குறீங்க?” நான் உட்பட யாரிடமும் உடனே பதில் இல்லை. வள்ளுவர் படத்தை வரைந்தவர் கே.ஆர். வேணுகோபால் சர்மா என்று நமக்குத் தெரியும், அது ஓவியம் என்று பார்த்தவுடன் தெரியும் என்று பிறகு சொன்னேன். கூகுள் வரைந்த ரோசியும் அப்படியே. எட்டு விநாடிக் காணொளி தன்னை வரைந்தவரின் கையை மறைத்துக்கொள்கிறது, கேமரா அங்கே இருந்ததாகப் பாசாங்கு செய்கிறது. அவள் அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

சைதியா ஹார்ட்மனின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரையை அந்த வாரம் தமிழில் சொல்லிச் சொல்லி நடத்தினேன். அடிமைக் கப்பலில் கொல்லப்பட்ட, ஆவணத்தில் ஓரிரு வரிகளாக மட்டும் எஞ்சிய பெண் குழந்தைகளைப் பற்றி எப்படி எழுதுவது என்று தவிக்கும் கட்டுரை அது. ஆவணம் அவர்களைக் கொன்றவர்களின் கையால் எழுதப்பட்டது. அதை அப்படியே திருப்பிச் சொன்னாலும் வன்முறை, இடைவெளியைக் கற்பனையால் நிரப்பி முழுமையாக்கினாலும் வன்முறை. கற்பனை செய், ஆனால் எங்கே ஆவணம் முடிகிறது என்பதைக் காட்டிக்கொண்டே செய் என்ற இடத்துக்கு அவர் வருகிறார். காணொளிக் கருவிக்கு அந்த எல்லையைக் காட்டத் தெரியாது. அதன் தொழிலே இடைவெளியைத் தடயமில்லாமல் நிரப்புவதுதான்.

இன்னொரு பக்கம், உயிரோடு இருக்கும் பெண்களின் முகம் என்ன பாடுபடுகிறது என்பதையும் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. ‘டீப்ஃபேக்’ என்ற சொல் 2017 இறுதியில் ரெட்டிட் தளத்தில் ஒருவர் நடிகைகளின் முகங்களை ஆபாசப் படங்களில் ஒட்டிப் பகிர்ந்ததிலிருந்து பிறந்தது. 2019இல் டீப்டிரேஸ் நிறுவனம் இணையத்தில் 14,678 போலிக் காணொளிகளை எண்ணியது. அவற்றில் 96 விழுக்காடு பெண்களின் சம்மதமில்லாத ஆபாசம். அரசியலைப் புரட்டிப்போடும் தொழில்நுட்பம் என்று நாளிதழ்கள் அஞ்சிக்கொண்டிருந்தபோது அது பார்த்த வேலை இதுதான். 2018இல் பத்திரிகையாளர் ராணா அய்யூபை வாயடைக்க இதையே ஆயுதமாக்கினார்கள். 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகம் வேறொரு பெண்ணின் உடலில் ஒட்டப்பட்டது. ஒருத்தியிடம் முகம் திருடப்பட்டது, இன்னொருத்தியிடம் உடல். தலைப்புச் செய்தியில் ஒரு பெயர்தான் பெரிதாக இருந்தது. அன்று அதற்குக் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். இன்று ஒரு புகைப்படமும் ஒரு வரியும் போதும். எங்கள் விடுதியில் வாட்ஸ்அப் படமாகப் பூவும் சாமியும் பூனைக்குட்டியும்தான் இருக்கின்றன. தன் முகத்தை வைத்திருப்பவள் அபூர்வம். முகம் கிடைக்காத ரோசிக்கு முகம் தேடும் பெண்கள், தங்கள் முகத்தை ஒளித்துக்கொண்டு தேடுகிறார்கள்.

என் மாணவி கடைசியில் முகத்தை விட்டுவிட்டாள். மூன்று காட்சிகள், ஒவ்வொன்றும் எட்டு விநாடி. ஒன்று, கிழிந்த வெள்ளைத் திரை. இரண்டாவது, இரவுச் சாலையில் ஒரு லாரி. இந்த லாரி அவளைப் படுத்திவிட்டது. முதலில் வந்ததன் நெற்றியில் ‘நேஷனல் பெர்மிட்’ என்று எழுத்துப் பிழையோடு இருந்தது. அடுத்ததில் சாலை நடுவே ஒளிரும் தடுப்பு. 1930 வாக்கில் லாரி எப்படி இருக்கும் என்று நூலகத்தில் ஒரு மாலை முழுக்கத் தேடினோம். மூக்கு நீண்ட, மரப் பக்கப்பலகை வைத்த லாரி என்று எழுதிக் கொடுத்தபின் ஒருவாறு வந்தது. பதினோராவது முயற்சி. கேசாதிபாதத்தை அவள் லாரிக்குப் பாடினாள் என்று வகுப்பில் கேலி செய்தோம்.

மூன்றாவது காட்சி, புல்லறுக்கும் கை. கருவி தந்த கைகளெல்லாம் நகப்பூச்சு விளம்பரத்திலிருந்து வந்தவை. விடுமுறைக்கு ஊருக்குப் போனவள், சமீபம் வரை ஆட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்த தன் பாட்டியின் கையை அரிவாளோடு போனில் படமெடுத்தாள். அந்தப் புகைப்படத்தைக் கொடுத்து, கை அசைய வேண்டும் என்று மட்டும் எழுதினாள். தொடக்க அட்டையில், லாரியும் திரையும் என் கற்பனை, ரோசியின் படம் எதுவும் கிடைக்கவில்லை, கை என் பாட்டியுடையது, கேட்டு வாங்கியது என்று போட்டாள்.

பாட்டியிடம் கேட்டபோது நடந்ததையும் வந்து சொன்னாள். எவ்வளவு நேரம் ஓடும் என்று பாட்டி கேட்டிருக்கிறார்.

“எட்டு செகண்டு பாட்டி.”

“அது போதும் மக்ளே, ஒரு பிடி அறுத்துரலாம்.”

காணொளியில் கை புல்லைச் சேர்த்துப் பிடிக்கிறது, அரிவாள் உள்ளே போகிறது. ஒரு பிடி முடிவதற்குள் படம் நின்றுவிடுகிறது.